இஸ்ரேல்–பாலஸ்தீனம்: போரால் பயனடைவது யார், சமாதானம் ஏன் நகரவில்லை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசாவைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், "இரு தரப்பிலும் வெறுப்பு ஊறிப்போய்விட்டது, இதற்குத் தீர்வே கிடையாது" என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால், தீர்வின் உருவம் 2000ஆம் ஆண்டிலிருந்தே பேச்சுவார்த்தையில் அமர்ந்தவர்களுக்குத் தெரியும். 1967 போருக்கு முந்தைய எல்லையை அடிப்படையாகக் கொண்ட இரண்டு நாடுகள், சிறிய அளவில் நிலப் பரிமாற்றம், ஜெருசலேமில் இரு தலைநகரங்கள், அகதிகளுக்கு இழப்பீடும் ஒரு வரம்புக்குட்பட்ட திரும்புதலும் என்பதே அது. அந்த உருவத்தை நோக்கி நடந்த தலைவர்கள் பதவியையோ உயிரையோ இழந்தார்கள். அதைத் தள்ளிப்போட்டவர்கள் பதவியில் நீடித்தார்கள். கீழேயுள்ள பதில்கள் அந்தக் கணக்கைத்தான் பின்தொடர்கின்றன.

இது மதப் பகைதானே? அரசியல் நோக்கம் எங்கிருந்து வந்தது?

மதம் இதில் இருக்கிறது. ஆனால் மூலம் நிலமும் இறையாண்மையும்தான். 1948இல் இஸ்ரேல் உருவான போரில் 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் வீடிழந்து அகதிகளானார்கள். 1967இல் மேற்குக் கரை, காசா, கிழக்கு ஜெருசலேம் ஆகியவை இஸ்ரேல் ராணுவத்தின் பிடிக்குள் வந்தன. அந்த நிலத்தில் முதல் யூதக் குடியேற்றங்கள் மதச்சார்பற்ற தொழிற்கட்சியின் ஆட்சியில்தான் முளைத்தன. எதிர்ப்பக்கம் யாசர் அராபத் தலைமையில் நின்ற பாலஸ்தீன விடுதலை இயக்கமும் மத இயக்கம் அல்ல. 'கடவுள் கொடுத்த நிலம்' என்ற வாதத்தை வைத்து மேற்குக் கரையில் குடியேறிய இயக்கம் 1970களில் வலுப்பெற்றது. 'இஸ்லாத்தின் அறக்கட்டளை நிலம்' என்று சொன்ன ஹமாஸ் 1987 டிசம்பரில் பிறந்தது. இரண்டுமே, தீர்க்கப்படாமல் விடப்பட்ட ஒரு நில வழக்கின் மேல் வளர்ந்தவை.

ஓஸ்லோ ஒப்பந்தம் ஏன் தோற்றது?

இந்த ஒப்பந்தத்தையொட்டி 1993 செப்டம்பரில் இஸ்ரேல் பிரதமர் யிட்சாக் ராபினும் அராபத்தும் ஒருவரை ஒருவர் எழுத்துமூலம் அங்கீகரித்தார்கள். பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேலின் இருப்புரிமையை ஏற்றது. இஸ்ரேலோ அந்த இயக்கத்தைப் பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக ஏற்றது. பாலஸ்தீன நாட்டை ஏற்கவில்லை. இந்த ஏற்றத்தாழ்வை ஆரம்பத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். எல்லை, ஜெருசலேம், குடியேற்றங்கள், அகதிகள் ஆகிய நான்கு கடினமான விஷயங்களும் ஐந்தாண்டு இடைக்காலத்தின் இறுதிக்கு ஒத்திவைக்கப்பட்டன. முதலில் நம்பிக்கை வளரட்டும், பிறகு கடினமானவற்றைப் பேசலாம் என்பது அதன் தர்க்கம்.

அந்தத் தர்க்கம் தலைகீழாக வேலை செய்தது. ஒத்திவைத்த காலம் முழுவதும் ஒப்பந்தத்தின் எதிரிகளுக்குக் கிடைத்த காலமாயிற்று. 1994 பிப்ரவரியில் மேற்குக் கரை நகரமான ஹெப்ரானின் இப்ராஹிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை பாருக் கோல்ட்ஸ்டீன் என்ற குடியேறி சுட்டுக் கொன்றார். ஏப்ரலில் அஃபுலாவில் தொடங்கி ஹமாஸின் தற்கொலைத் தாக்குதல்கள் இஸ்ரேல் நகரங்களுக்குள் வந்தன. 1995 செப்டம்பரில் கையெழுத்தான இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என மூன்று பகுதிகளாகப் பிரித்தது. நிலத்தின் பெரும்பகுதி, இன்றைய கணக்கில் சுமார் 60 சதவீதம், அடங்கிய 'சி' பகுதி முழுக்க இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் இருந்தது. தற்காலிகம் என்று சொல்லிச் செய்த அந்தப் பிரிவினை இன்றும் நீடிக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐந்து வாரங்களில், நவம்பர் 4ஆம் தேதி, டெல் அவிவில் சமாதானப் பேரணி முடிந்து காருக்குச் சென்ற ராபினை இகால் அமிர் என்ற யூத மாணவர் சுட்டுக் கொன்றார். நிலத்தை விட்டுக்கொடுப்பதைத் தடுப்பதே தன் நோக்கம் என்பதை அவர் மறைக்கவே இல்லை.

1996 தேர்தலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தரப்படுகிறது?

இரு தரப்புத் தீவிரவாதிகளும் ஒருவருக்கொருவர் எப்படி உதவிக்கொண்டார்கள் என்பதை அந்தத் தேர்தலைப்போல் வேறெதுவும் தெளிவாகக் காட்டவில்லை என்பதால்தான்.

ராபினின் கொலைக்குப் பிறகு பிரதமரான ஷிமோன் பெரஸ் கருத்துக்கணிப்புகளில் பெரும் முன்னிலையில் இருந்தார். ஜனவரியில், ஹமாஸின் வெடிகுண்டு நிபுணர் யாஹ்யா அய்யாஷை இஸ்ரேல் உளவுத்துறை கைப்பேசியில் வைத்த வெடிமருந்தால் கொன்றது. பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் ஒன்பது நாட்களுக்குள் ஜெருசலேம், அஷ்கெலான், டெல் அவிவ் ஆகிய இடங்களில் நடந்த குண்டுவெடிப்புகளில் சுமார் 60 பேர் இறந்தார்கள். ஜெருசலேமில் ஒரே வழித்தடப் பேருந்து, 18ஆம் எண், அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தகர்க்கப்பட்டது. 'நானும் உறுதியானவன்தான்' என்று காட்ட வேண்டிய நெருக்கடியில் பெரஸ் ஏப்ரலில் லெபனான் மீது தாக்குதல் நடத்தினார், அந்நாட்டின் கானா கிராமத்தில் ஐ.நா. முகாமில் தஞ்சமடைந்திருந்த நூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் பீரங்கிக் குண்டுகளில் இறந்தார்கள். இஸ்ரேலின் அரபுக் குடிமக்களில் பலர் மனம் நொந்து வெற்று வாக்குச்சீட்டைப் போட்டார்கள்.

மே 29ஆம் தேதி பெஞ்சமின் நெதன்யாகு வென்றார். வித்தியாசம் 30,000 வாக்குகளுக்கும் குறைவு. ஓஸ்லோவைக் கடுமையாக எதிர்த்தவர் இஸ்ரேலில் ஆட்சிக்கு வர, ஓஸ்லோவைத் தகர்க்க விரும்பிய ஹமாஸின் குண்டுகள் வழிவிட்டன. இருவரும் கூடிப் பேசித் திட்டமிடத் தேவையிருக்கவில்லை. ஒருவருடைய வன்முறையும் மற்றவருடைய வாக்குச்சீட்டும் ஒரே திசையில் இழுத்தன, அவ்வளவுதான்.

கேம்ப் டேவிடில் எல்லாவற்றையும் கொடுத்தும் அராபத் மறுத்துவிட்டார் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 2000 ஜூலையில் அமெரிக்காவின் கேம்ப் டேவிடில் நடந்த மாநாட்டில் இஸ்ரேல் பிரதமர் எஹுத் பராக் வைத்த முன்மொழிவு அதற்கு முன் எந்த இஸ்ரேல் பிரதமரும் வைக்காதது. அராபத் அதற்கு மாற்றாக முறையான முன்மொழிவு எதையும் வைக்கவில்லை. அவரது தவறை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மேசையில் அமர்ந்த மூவரின் அரசியல் கடிகாரங்களையும் பார்க்க வேண்டும். மாநாட்டுக்குப் புறப்படும் முன்பே பராக்கின் கூட்டணிக் கட்சிகள் வெளியேறி அவர் சிறுபான்மை அரசின் பிரதமராகியிருந்தார். மாநாட்டை நடத்திய அமெரிக்க அதிபர் கிளின்டனின் பதவிக்காலம் அடுத்த ஜனவரியில் முடிய இருந்தது. முன்னேற்பாடு போதாது என்று தயங்கிய அராபத்திடம், தோல்வியடைந்தால் பழி உங்கள்மேல் விழாது என்று உறுதியளித்து அழைத்து வந்தார்கள். தோல்வியடைந்ததும் பழி அவர்மேல்தான் விழுந்தது.

செப்டம்பர் 28ஆம் தேதி எதிர்க்கட்சித் தலைவர் ஏரியல் ஷரோன் பலத்த காவலுடன் ஜெருசலேமின் அல் அக்ஸா பள்ளிவாசல் வளாகத்துக்குள் நடந்தார். மறுநாள் தொடங்கிய மோதல் இரண்டாம் இன்திஃபாதா எனப்படும் பாலஸ்தீன எழுச்சியாக மாறியது. அதன் பிறகும் டிசம்பரில் கிளின்டன் வைத்த வரையறைகளும், 2001 ஜனவரியில் எகிப்தின் தாபாவில் நடந்த பேச்சும் இரு தரப்பையும் முன்னெப்போதையும்விட நெருக்கமாகக் கொண்டுவந்தன. தாபா பேச்சு முடிந்து பத்து நாட்களில் இஸ்ரேலில் தேர்தல். ஷரோன் பெரும் வித்தியாசத்தில் வென்றார். நெருங்கி வந்த வரைவு அத்துடன் கோப்புக்குள் போயிற்று.

2008இல் ஓல்மர்ட் காட்டிய வரைபடம் என்ன ஆனது?

செப்டம்பர் 16ஆம் தேதி பிரதமர் எஹுத் ஓல்மர்ட் பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸுக்கு ஒரு பெரிய வரைபடத்தைக் காட்டினார். ஓல்மர்ட் பின்னாளில் சொன்ன விவரப்படி, மேற்குக் கரையில் இஸ்ரேல் வைத்துக்கொள்ளும் சுமார் 6 சதவீதத்துக்கு ஈடாக ஏறக்குறைய அதே அளவு நிலம் தரப்படும். ஜெருசலேமின் புனிதத் தலங்கள் ஐந்து நாடுகளின் பொறுப்பில் இருக்கும். ஐந்து ஆண்டுகளில் 5,000 அகதிகள் இஸ்ரேலுக்குள் திரும்பலாம். படத்தின் பிரதியை அப்பாஸ் கேட்டார். முதலில் கையொப்பம் இடுங்கள், பிறகுதான் பிரதி என்றார் ஓல்மர்ட். அப்பாஸ் அலுவலகத்துக்குத் திரும்பி, நினைவிலிருந்ததை ஒரு தாளில் கையால் வரைந்துவைத்தார். ஒரு நாட்டின் எல்லை இப்படிக் கைமாறியது.

ஊழல் விசாரணையில் சிக்கியிருந்த ஓல்மர்ட் அந்த வாரத்திலேயே பதவி விலகல் கடிதம் கொடுத்தார். பதவியிழக்கும் ஒருவர் தரும் வாக்கை அடுத்தவர் மதிப்பாரா என்ற அப்பாஸின் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அதே சந்தேகம், பதில் சொல்லாமல் தப்பிக்க அவருக்கும் வசதியாக இருந்தது. காசாவை ஹமாஸிடம் இழந்து ஓராண்டு கடந்திருந்த நிலையில், அகதிகள் விஷயத்தில் இறங்கிவரும் ஒப்பந்தத்தைத் தம் மக்களிடம் கொண்டுபோகும் பலம் அவரிடம் இல்லை. டிசம்பர் 27ஆம் தேதி காசா போர் தொடங்கியது. 2009 பிப்ரவரித் தேர்தலுக்குப் பிறகு நெதன்யாகு மீண்டும் பிரதமரானார்.

அவ்வளவு கண்டனங்களுக்குப் பிறகும் குடியேற்றங்கள் ஏன் நிற்கவில்லை?

இஸ்ரேல் நாடாளுமன்றமான நெசெட்டில் 120 இடங்கள். ஆட்சி அமைக்க 61 வேண்டும். எந்தக் கட்சியும் தேர்தலில் தனித்து அந்த எண்ணைத் தொட்டதில்லை. ஆகவே, குடியேற்றம் ஒன்றையே உயிர்மூச்சாகக் கொண்ட சிறிய கட்சிக்கு அதன் வாக்குபலத்தைப்போல் பல மடங்கு பேரம் கிடைக்கிறது. சமாதானத்தை விரும்பும் வாக்காளருக்கு வரி, பள்ளி, விலைவாசி என்று பத்து அக்கறைகள் உண்டு. குடியேறியின் பிரதிநிதிக்கு ஒன்றே ஒன்றுதான். ஓஸ்லோ கையெழுத்தானபோது கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் சுமார் 1,10,000 குடியேறிகள் இருந்தார்கள். இன்று சுமார் 5 லட்சம் பேர் இருக்கிறார்கள். தொழிற்கட்சி ஆண்ட ஆண்டுகளிலும் இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருந்தது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதை ஹெப்ரானில் பார்க்கலாம். 1997 உடன்பாட்டின்படி நகரத்தின் ஐந்தில் ஒரு பங்கு இஸ்ரேல் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. அங்கே பல்லாயிரம் பாலஸ்தீனர்களுக்கு நடுவே சில நூறு குடியேறிகள் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் நகரின் சந்தைத் தெருவாக இருந்த ஷுஹதா தெருவில் கடைகளின் இரும்புக் கதவுகள் மூடிக்கிடக்கின்றன. சில வீடுகளின் தெருவாசல் பற்றவைத்து அடைக்கப்பட்டதால், குடியிருப்பவர்கள் பின்பக்கமாகவோ மாடி வழியாகவோ வெளியேறுகிறார்கள். 1994இல் பள்ளிவாசலில் கொல்லப்பட்டவர்கள் பாலஸ்தீனர்கள். அதற்குப் பிறகு மூடப்பட்டதும் பாலஸ்தீனர்களின் தெருதான். குடியேறிகளை அப்போதே வெளியேற்ற வேண்டும் என்று ராபினின் ஆலோசகர்கள் சிலர் வற்புறுத்தினார்கள். அரசியல் விலைக்கு அஞ்சி அவர் செய்யவில்லை. அவரது மிகப் பெரிய தவறாக நான் கருதுவது அதைத்தான்.

2025 ஆகஸ்டில் ஜெருசலேமுக்குக் கிழக்கே 'இ1' என்ற பகுதியில் சுமார் 3,400 வீடுகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. மேற்குக் கரையின் வடக்கையும் தெற்கையும் அது துண்டிக்கும். இது பாலஸ்தீன நாடு என்ற எண்ணத்தையே புதைத்துவிடும் என்று நிதி அமைச்சர் பெசலெல் ஸ்மோட்ரிச் வெளிப்படையாகச் சொன்னார். நோக்கத்தை ஊகிக்கும் வேலையை அவர் யாருக்கும் வைக்கவில்லை.

ஹமாஸை இஸ்ரேலே வளர்த்தது என்பது சரியா?

உருவாக்கியது என்று சொன்னால் தவறு. அது காசாவின் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்திலிருந்து தானே எழுந்தது. ஆனால் அராபத்தின் இயக்கத்துக்கு எதிர்விசையாக இருக்கட்டும் என்று 1970களின் இறுதியில் ஷேக் அகமது யாசினின் மத அமைப்புக்கு இஸ்ரேல் நிர்வாகம் அனுமதி அளித்தது உண்மை.

பிற்காலத்தில் நடந்தது இன்னும் கனமானது. 2005இல் ஷரோன் காசாவிலிருந்த சுமார் 8,000 குடியேறிகளை ஒருதலைப்பட்சமாக வெளியேற்றியபோது, பாலஸ்தீனர்களோடு அரசியல் பேச்சுவார்த்தை நடக்காமல் உறையவைப்பதற்காகவே இது என்று அவரது நெருங்கிய ஆலோசகர் டோவ் வைஸ்கிளாஸ் 2004இலேயே பேட்டியில் சொல்லியிருந்தார். அப்பாஸோடு பேசிக் கைமாற்றியிருந்தால் அது பேச்சுவார்த்தையின் வெற்றியாக இருந்திருக்கும். பேசாமல் வெளியேறியதால் ஆயுதத்தின் வெற்றி என்று ஹமாஸ் கொண்டாடியது. 2006 ஜனவரித் தேர்தலில் 132 இடங்களில் 74ஐ வென்றது. 2007 ஜூனில் அப்பாஸின் ஃபத்தா கட்சியைத் துரத்திவிட்டுக் காசாவை முழுமையாகப் பிடித்தது. 2018 நவம்பர் முதல் கத்தாரின் பணம், ஒரு தவணைக்கு 1.5 கோடி டாலர், பெட்டிகளில் இஸ்ரேலின் அனுமதியோடு காசாவுக்குள் சென்றது. மனிதாபிமான நெருக்கடியைத் தவிர்க்கவே அனுமதித்ததாக நெதன்யாகு விளக்கினார். காசா ஒரு கையிலும் மேற்குக் கரை இன்னொரு கையிலும் பிரிந்து கிடக்கும்வரை, 'யாரோடு பேசுவது?' என்ற கேள்வியை வைத்தே பேச்சுவார்த்தையைத் தவிர்க்க முடிந்தது. இன்றைய நிதி அமைச்சரான அதே ஸ்மோட்ரிச் 2015இல், பாலஸ்தீன அதிகார சபை (அப்பாஸ் தலைமையிலான நிர்வாகம்) ஒரு சுமை, ஹமாஸ் ஒரு சொத்து என்றார். பயங்கரவாத அமைப்பை எந்த நாடும் அங்கீகரிக்காது என்பது அவர் கொடுத்த காரணம்.

ஹமாஸின் சொந்த அரசியல் கணக்கு என்ன?

ஹமாஸை வெறும் எதிர்வினை என்று சித்திரிப்பது அந்த அமைப்பின் தலைவர்கள் தேர்ந்தெடுத்து எடுத்த முடிவுகளிலிருந்து அவர்களை விடுவித்துவிடும். இரு நாட்டுத் தீர்வு அமைந்தால் அதன் பெருமை ஃபத்தாவுக்குப் போகும். ஹமாஸின் இருப்புக்கே காரணம் குறையும். ஆகவே 1994 முதல் 1996 வரை, பிறகு 2002 மார்ச்சிலும், அது பேச்சுவார்த்தை அசைந்த நேரங்களில் தாக்கியது. சவூதி அரேபியா முன்வைத்த அரபு சமாதானத் திட்டத்தை விவாதிக்க அரபு நாடுகளின் தலைவர்கள் பெய்ரூத்தில் கூடிய அதே நாளில்தான் இஸ்ரேல் நகரமான நெத்தன்யாவின் விடுதியொன்றில் பாஸ்கா விருந்துக்குக் கூடியிருந்த 30 பேரை ஒரு ஹமாஸ் தற்கொலையாளி கொன்றார். திட்டத்தைப் பற்றி இஸ்ரேலில் பேசக்கூட ஆளில்லாமல் போயிற்று.

2023 அக்டோபர் 7க்கு முன் சவூதி–இஸ்ரேல் உறவுப் பேச்சு முன்னேறிக்கொண்டிருந்தது; பாலஸ்தீனப் பிரச்சினை ஓரங்கட்டப்படும் என்ற அச்சம் ஹமாஸ் தலைமைக்கு இருந்தது. ஒரு சிப்பாய்க்கு ஈடாக 2011இல் 1,027 கைதிகள் விடுவிக்கப்பட்ட உடன்பாட்டில் வெளியே வந்தவர், பின்னாளில் காசாவில் ஹமாஸின் தலைவரான யாஹ்யா சின்வார். பிணைக் கைதிகளின் பேர மதிப்பை அவர் நன்கு அறிந்தவர். அக்டோபர் 7 அன்று இஸ்ரேலுக்குள் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பான்மையோர் பொதுமக்கள்; 251 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பதிலடி எவ்வளவு கொடியதாக இருக்கும் என்பதை ஊகிக்க முடியாதவர்கள் அல்ல அவர்கள். போராளிகளுக்குச் சுரங்கங்கள் இருந்தன. காசாவின் குழந்தைகளுக்குப் பதுங்கிடம் ஒன்றுகூட இல்லை. ஆக்கிரமிப்பை எதிர்க்கும் உரிமையை முழுமையாக ஏற்பவரும் இந்தக் கணக்கை மன்னிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்பாஸ் ஏன் தேர்தலே நடத்துவதில்லை?

2005 ஜனவரியில் நான்கு ஆண்டுப் பதவிக்காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். 2021 மே மாதத்துக்கு அறிவித்த நாடாளுமன்றத் தேர்தலை, கிழக்கு ஜெருசலேமில் வாக்களிக்க இஸ்ரேல் அனுமதிக்கவில்லை என்று சொல்லி ஏப்ரல் இறுதியில் ஒத்திவைத்தார். காரணம் பொய்யல்ல. ஆனால் சிறையிலிருக்கும் ஃபத்தா தலைவர் மர்வான் பர்கூத்தியின் ஆதரவாளர்கள் தனிப்பட்டியல் போட்டு ஃபத்தா பிளவுபட்டதும், தோல்வி நெருங்கியதும்கூடப் பொய்யல்ல. பாலஸ்தீன அதிகார சபையின் வருமானத்தின் பெரும்பகுதி, 1994 பாரிஸ் உடன்பாட்டின்படி இஸ்ரேல் வசூலித்துத் தரும் வரிப்பணம். அதை நிறுத்திவைக்கும் அதிகாரம் இஸ்ரேல் நிதி அமைச்சரின் கையில் இருக்கும்வரை, அதிகார சபையின் தலைமையிடமான ரமல்லாவின் ஆட்சியாளர்களுக்குத் தம் மக்களைவிட எதிர்த்தரப்பை நம்பிப் பிழைக்க வேண்டிய நிலை. இப்படிப்பட்ட தலைமையால் வலுவான ஒப்பந்தம் செய்யவும் முடியாது, செய்ததை மக்களிடம் நிலைநாட்டவும் முடியாது.

நெதன்யாகு பதவிக்காகத்தான் காசா போரை நீட்டினாரா?

ஒரு மனிதரின் மனத்துக்குள் நுழைந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. நாட்காட்டியைப் பார்க்க முடியும்.

லஞ்சம், மோசடி, நம்பிக்கைத் துரோகம் ஆகிய குற்றச்சாட்டுகளில் 2020 மே முதல் விசாரணையைச் சந்தித்துவரும் அவர், 2022 டிசம்பரில் 64 இடங்களோடு கூட்டணி அரசு அமைத்தார். அந்த 64இல் 14 இடங்கள் தீவிர வலதுசாரிகளான ஸ்மோட்ரிச், இதமார் பென் கிவிர் ஆகியோர் சேர்ந்து நின்ற பட்டியலுக்கு உரியவை. போர் முடிந்தால் அக்டோபர் 7 தோல்விக்கு விசாரணை ஆணையம், தேர்தல், வழக்கு என்று அடுத்தடுத்து வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2024 மே இறுதியில் மூன்று கட்டப் போர்நிறுத்தத் திட்டத்தை அமெரிக்க அதிபர் பைடன் அறிவித்தார். அது இஸ்ரேலே கொடுத்த வரைவு என்றார். போரை முடித்தால் அரசிலிருந்து விலகுவோம் என்று ஸ்மோட்ரிச்சும் பென் கிவிரும் மறுநாளே எச்சரித்தார்கள். கோடைக்காலப் பேச்சில் எகிப்து எல்லையையொட்டிய பிலடெல்ஃபி பாதையில் ராணுவம் தங்கியே தீரும் என்ற நிபந்தனை முன்னுக்கு வந்தது. பாதுகாப்பு அமைச்சர் யோவ் கல்லன்ட் அமைச்சரவைக்குள்ளேயே அதை எதிர்த்தார். ஆகஸ்ட் இறுதியில் ரஃபா சுரங்கமொன்றில் ஆறு பிணைக் கைதிகளை ஹமாஸ் காவலர்கள் சுட்டுக் கொன்றிருந்தது தெரியவந்தது. நவம்பரில் கல்லன்ட் பதவி நீக்கப்பட்டார்.

2025இல் நடந்ததைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஜனவரி 19ஆம் தேதி போர்நிறுத்தம் தொடங்கியது. பென் கிவிர் அரசிலிருந்து வெளியேறினார். ஸ்மோட்ரிச் தங்கினார், முதல் 42 நாட்களுக்குப் பிறகு போர் தொடர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நிரந்தர முடிவைப் பேச வேண்டிய இரண்டாம் கட்டத்துக்கான பேச்சு உருப்படியாகத் தொடங்கவே இல்லை. மார்ச் 2ஆம் தேதி காசாவுக்குள் உணவும் மருந்தும் செல்வது நிறுத்தப்பட்டது. மார்ச் 31ஆம் தேதிக்குள் நிதிநிலை அறிக்கை நிறைவேறாவிட்டால் நெசெட் தானாகவே கலையும் என்பது இஸ்ரேலின் சட்டம். மார்ச் 18ஆம் தேதி அதிகாலையில் குண்டுவீச்சு மீண்டும் தொடங்கியது. காசா சுகாதார அமைச்சகக் கணக்குப்படி ஒரே இரவில் 400க்கும் அதிகமானோர் இறந்தனர். பென் கிவிரின் கட்சி உடனே அரசுக்குத் திரும்பியது. மார்ச் 25ஆம் தேதி நிதிநிலை அறிக்கை 66க்கு 52 என்ற கணக்கில் நிறைவேறியது.

ஹமாஸ் ஆயுதத்தைக் கைவிட மறுத்ததும், பிணைக் கைதிகளைப் பேரப் பொருளாக வைத்திருந்ததும் போர் நீளக் காரணங்கள்தான். ஹமாஸை விட்டுவைத்தால் மீண்டும் ஓர் அக்டோபர் 7 வரும் என்ற நெதன்யாகுவின் வாதத்தை நம்பும் இஸ்ரேலியர்கள் லட்சக்கணக்கில் உண்டு. ஆனால் பிணைக் கைதிகளை மீட்கப் போரை முடிக்கலாம் என்று பெரும்பான்மை இஸ்ரேலியர்கள் கருத்துக்கணிப்புகளில் தொடர்ந்து சொல்லிவந்த காலத்தில், சிறுபான்மையின் விருப்பமே அரசின் கொள்கையாக இருந்தது. ஆட்சி நிற்பது அந்தச் சிறுபான்மையின் மேல் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

அரசியல் நோக்கம் என்று சொன்னால் மக்களின் அச்சம் பொய்யென்று ஆகாதா?

ஆகாது. வீட்டுப் பாதுகாப்பு அறையின் கதவைப் பிடித்துக்கொண்டு அக்டோபர் 7 அன்று மணிக்கணக்கில் நின்ற இஸ்ரேலின் நிர் ஓஸ் கிராமத்தாரின் அச்சம் உண்மை. வடக்கிலிருந்து தெற்கு, தெற்கிலிருந்து நடுப்பகுதி என்று திரும்பத் திரும்பத் துரத்தப்பட்ட காசா குடும்பங்களின் அச்சமும் உண்மை. 1948இல் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே காசா மக்களில் பெரும்பாலோர். அரசியல்வாதி இந்த அச்சத்தைப் படைப்பதில்லை. ஆற வேண்டிய புண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பதில்தான் அவர் பங்கு இருக்கிறது. இரு துயரங்களின் அளவையும் ஒன்றென்று சொல்வதும் சரியல்ல: காசாவில் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கை 2025 அக்டோபரில், அங்குள்ள சுகாதார அமைச்சகக் கணக்குப்படி, 67,000ஐத் தாண்டியிருந்தது.

அமெரிக்கா நினைத்தால் நிறுத்த முடியாதா?

முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 1991இல் இஸ்ரேல் கேட்ட 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை, குடியேற்றக் கட்டுமானத்தைக் காரணம் காட்டி அதிபர் ஜார்ஜ் புஷ் நிறுத்திவைத்தார். பிரதமர் யிட்சாக் ஷமிர் மனமில்லாமலே மாட்ரிட் சமாதான மாநாட்டுக்குச் சென்றார். அமெரிக்காவோடு உறவு கெட்டது 1992 தேர்தலில் அவருக்கு எதிராக வேலை செய்தது, ராபின் வென்றார். ஆனால் அதே ஆண்டு புஷ்ஷும் தோற்றார். அவர் தோற்றதற்குப் பொருளாதாரமே முதன்மைக் காரணம் என்றாலும், வாஷிங்டன் அரசியல்வாதிகள் வேறு பாடம் கற்றார்கள். ஒபாமா காலத்து உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 380 கோடி டாலர் ராணுவ உதவி தொடர்கிறது. காசா போர்நிறுத்தம் கோரிய தீர்மானங்களை ஐ.நா. பாதுகாப்பு அவையில் 2025 செப்டம்பர்வரை அமெரிக்கா ஆறு முறை வீட்டோ செய்தது. 2025 அக்டோபரில் டிரம்ப் நேரடியாக அழுத்தியபோது சில நாட்களில் உடன்பாடு வந்தது. கைவசம் இருந்த அழுத்தத்தை அத்தனை மாதங்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்தார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது.

அரபு நாடுகளின் பங்கு?

பேச்சில் பாலஸ்தீனம், செயலில் தத்தம் நலன். 2020இல் ஐக்கிய அரபு அமீரகமும் பஹ்ரைனும் இஸ்ரேலோடு உறவு ஏற்படுத்திக்கொண்டபோது, பாலஸ்தீனர்களுக்கு நிலம் தராமலேயே அரபு நாடுகளோடு சமாதானம் கிடைக்கும் என்ற நெதன்யாகுவின் வாதம் மெய்ப்பட்டதுபோல் தோன்றியது. ஈரான் ஹமாஸுக்கும் இஸ்லாமிய ஜிகாதுக்கும் கொடுத்த பணமும் ஆயுதமும் பாலஸ்தீன நாட்டை ஓர் அங்குலம்கூட நெருக்கமாக்கவில்லை.

எகிப்தோடு முடிந்தது, பாலஸ்தீனர்களோடு ஏன் முடியவில்லை?

1977 நவம்பரில் ஜெருசலேமுக்கே வந்து நெசெட்டில் பேசினார் எகிப்து அதிபர் சதாத். வலதுசாரிப் பிரதமரான மெனாகெம் பெகின் 1967இல் எகிப்திடமிருந்து பிடித்த சினாயைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். 1982இல் யமித் குடியேற்றத்தை இஸ்ரேல் ராணுவமே இடித்தது. எதிர்ப்பு இருந்தது, ஆனால் வலதுசாரியே தலைமையேற்றதால் அது ஒப்பந்தத்தைத் தடுக்கும் அளவுக்கு வளரவில்லை. இடதுசாரி எதிர்க்கட்சி ஆதரித்தது. சினாயில் குடியேறிகள் சில ஆயிரம் பேர்தான். எகிப்து தன் ராணுவத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய முழு நாடு. ஒப்பந்தத்தை மீறினால் இரு தரப்பும் இழக்க நிறைய இருந்தது. பாலஸ்தீனர்களிடம் அத்தகைய அரசு இல்லை, அது உருவாகவும் விடப்படவில்லை. மேற்குக் கரையோ பெகினுக்குச் சினாயைப்போல் கொடுத்துவிடக்கூடிய பாலைவனமாகத் தெரியவில்லை. சினாயைக் கொடுத்ததன் ஒரு நோக்கமே மேற்குக் கரையை வைத்துக்கொள்வதுதான் என்று கருதுவதற்கு, அவரது ஆட்சியில் அங்கே வேகமெடுத்த குடியேற்றமே ஆதாரம். சதாத் 1981இல் தன் ராணுவத்தினராலேயே கொல்லப்பட்டார்.

2025 அக்டோபர் போர்நிறுத்தத்துக்குப் பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

உயிரோடிருந்த 20 பிணைக் கைதிகளும் அக்டோபர் 13ஆம் தேதி வீடு திரும்பினார்கள். ஏறக்குறைய 2,000 பாலஸ்தீனக் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். நவம்பரில் பாதுகாப்பு அவையின் 2803ஆம் தீர்மானம் டிரம்ப்பின் 20 அம்சத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பாலஸ்தீன நாட்டைப் பற்றி அதில் உள்ள வாசகம், அதிகார சபை சீர்திருத்தங்களை முடித்த பிறகு அதற்கான பாதை அமையக்கூடும் என்பதோடு நின்றுவிடுகிறது. கடினமானதை மீண்டும் ஒத்திவைத்திருக்கிறார்கள். ஓஸ்லோவில் குறைந்தபட்சம் ஐந்து ஆண்டு என்ற கெடு இருந்தது, இதில் கெடுவே இல்லை.

தலைவர்களின் அறிக்கைகளைவிட மூன்று விஷயங்கள் அதிகம் சொல்லும். காசாவைப் பிரிக்கும் 'மஞ்சள் கோடு' எனப்படும் ராணுவ எல்லை பின்னோக்கி நகர்கிறதா என்பது ஒன்று. 'இ1' பகுதியில் கட்டுமான இயந்திரங்கள் இறங்குகின்றனவா என்பது இன்னொன்று. மூன்றாவது தேர்தல்: 2022 நவம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நெசெட்டின் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது, போர் முடிந்து ஓராண்டுக்குள் தேர்தல் நடத்துவதாக அப்பாஸும் வாக்களித்திருக்கிறார். அந்த இரண்டு தேர்தல்களில் குடியேற்றத்தை நிறுத்துவேன் என்று சொல்லி ஒரு இஸ்ரேல் தலைவரும், ஆயுதம் ஒரே அரசின் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பாலஸ்தீனத் தலைவரும் வாக்குக் கேட்கத் துணிகிறார்களா என்பதைப் பார்க்க வேண்டும்.